பாடகரும் பக்கவாத்தியமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இதுவரை சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு கோயில்களில் திருப்புகழும் கீர்த்தனைகளும் பாடிவந்தேன். ஆடிக் கிருத்திகையன்று எங்கள் ஊர் முருகன் கோயிலில் வயலின், மிருதங்கம், கடத்தோடு இரண்டு மணி நேரம் பாட அழைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் வித்வான்கள் ஒத்திகை தேவையில்லை என்கிறார்கள். எனக்கோ அச்சமாக இருக்கிறது. அவர்களிடம் எதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒத்திகையில்லாமல் மேடையேறுவது கர்நாடக இசையில் வழக்கந்தான், அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ராகமும் தாளமும் எல்லாருக்கும் பொதுவென்பதால், முன்பின் பழகாதவர்கள்கூடச் சேர்ந்து உட்கார்ந்து கச்சேரியை நடத்திவிடுகிறார்கள். எப்படி வாசிப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் என்ன பாடப் போகிறீர்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் சுருதி. ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று சொல்லிவிட்டு, தொண்டை சரியில்லை என்று மேடையில் ஐந்துக்கு இறங்கினால், வயலின்காரர் தந்திகளைத் தளர்த்திச் சில நிமிடங்களில் சமாளித்துவிடுவார். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையும் எடுத்து தோலின் விளிம்பான மூட்டைத் தட்டித் தட்டி ஓரளவு இறக்கிக்கொள்வார். சுட்ட மண்ணான கடத்துக்கு அந்த வசதி இல்லை. அந்தச் சுருதிக்கென்று வேறொரு கடத்தை எடுத்து வந்திருந்தால்தான் உண்டு. ஆகவே சுருதியை ஒரு வாரம் முன்பே முடிவு செய்து, சந்தேகம் இருந்தால் அரைக் கட்டை குறைவாகவே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பட்டியல். பலரும் பாடும் கீர்த்தனைகளுக்கு ராகம், தாளம் மட்டும் போதும். திருப்புகழ் அப்படியன்று. ஒவ்வொரு பாடலின் சந்தமும் தனி என்பதால், தாளக் கணக்கையும், பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பு எங்கே விழுகிறது என்பதையும், மேடைக்குப் போகுமுன் மிருதங்கக்காரர் எதிரில் கையால் போட்டுக் காட்டுவது நல்லது. உங்கள் குருநாதர் மெட்டமைத்த பாடல் என்றால், கைப்பேசியில் ஒருமுறை பாடிப் பதிந்து வயலின்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தாளமில்லாமல் பாடும் விருத்தத்தில் ராகங்கள் வரும் வரிசையையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். (திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகளின் வட்டாரத்தில் பாடுகிறீர்கள், சந்தம் பிசகினால் பக்கவாத்தியத்துக்கு முன்பே சபையில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.)

மேடையில் வயலினுக்கு உரிய பங்கைக் குறைக்காதீர்கள். நீங்கள் ஆலாபனையை முடித்ததும் அவருடைய முறை. ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலிலும், ஸ்வரங்களை அப்போதைக்கப்போது புனைந்து பாடும் கற்பனை ஸ்வரத்திலும் மாறி மாறி வர வேண்டும். நேரம் போதவில்லை என்றால் ஒரு பாடலை விட்டுவிடலாம். வயலினின் முறையை வெட்டுவது நாகரிகமன்று. பிரதான உருப்படிக்குப் பின் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, வாசிக்கும் அளவைச் சுருக்கிக்கொண்டே போகும் குறைப்புக்கு வந்து, முடிப்புக்கான தாளக் கோவைகளான மோராவும் கோர்வையும் சேர்ந்து வாசித்து முடிக்கும்வரை உங்கள் கை தாளத்தை விடக்கூடாது. தண்ணீர் குடிப்பதையும் அடுத்த பாட்டைப் புரட்டுவதையும் அப்போது வைத்துக்கொண்டால், கோர்வை முடியும் இடத்தில் எடுப்பைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவீர்கள்.

கேள்வி: நான் மெட்டமைத்த பக்திப் பாடலுக்கு எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர் இடையிசை சேர்த்தார். அதை யூடியூபில் வெளியிட இருக்கிறேன். அவருக்கு உரிமை உண்டா?
– வாசகர், ஆற்காடு

பதில்: உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசையைப் படைத்தவருக்கு மட்டுமின்றி வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமையை வழங்குகிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். அவருடைய சம்மதம் இல்லாமல் வாசிப்பைப் பதிவு செய்வதோ வெளியிடுவதோ கூடாது. இடையிசை அவர் கற்பனையில் பிறந்ததென்றால் அவர் வாசித்தவர் மட்டுமல்லர், படைத்தவரும்கூட. மொத்தத் தொகையா, வருமானத்தில் பங்கா, பெயர் எந்த இடத்தில் வரும் என்பவற்றைப் பதிவுக்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உரிமையை எழுதி வாங்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். "நம்ம பையன்தானே" என்று வாய்ப்பேச்சில் விட்ட குழுக்கள், பாடல் ஓடத் தொடங்கியதும் உடைவதுதான் வழக்கம்.

கேள்வி: விழாக் குழுவினர் சன்மானத்தை மொத்தமாக என்னிடமே தருகிறார்கள். எப்படிப் பிரிப்பது?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பிரிப்பதை விட்டுவிடுங்கள். கச்சேரிக்கு அழைக்கும்போதே ஒவ்வொருவருக்கும் இன்ன தொகை, பயணச் செலவு தனி என்று பேசிவிடுங்கள். விழாக் குழு குறைத்துக் கொடுத்தால் அந்தக் குறை உங்களைச் சேர்ந்தது. கச்சேரி முடிந்ததும், காட்பாடியில் ரயிலைப் பிடிக்க அவர்கள் கிளம்புவதற்கு முன், உறையில் போட்டு அவரவர் கையில் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள்.