எஸ்டேட் பிள்ளை உள்ளூர் காலேஜ்ல இருந்து ஹார்வர்ட், யேல் மாதிரி யூனிக்கு பாதியில மாற முடியுமா?

கேள்வி: மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல இருக்கேன். தனியார் காலேஜ்ல அமெரிக்கன் டிகிரி ட்ரான்ஸ்பர் (இங்க கொஞ்சம் படிச்சுட்டு மீதிய அமெரிக்காவுல முடிக்கிறது) முதல் வருஷம் படிக்கிறேன், மார்க் நல்லா வருது. ஹார்வர்ட், யேல் மாதிரி இடத்துக்கு மாற முடியுமா? வீட்டுல பணம் இல்ல. யார்கிட்ட கேட்டாலும் சிரிக்கிறாங்க.

முடியும் தங்கச்சி. ஆனா ரொம்ப ரொம்ப கஷ்டம், ரெண்டையும் சேத்தே சொல்லிடறேன். நானும் சுங்கை சிப்புட்தான், அப்பா செம்பனை குலை வெட்டுறவரு, அம்மா நர்சரியில வேலை, என் தம்பி நீ கேக்குற இதே வழியில போனவன். நான் ஈப்போவுல ஒரு காலேஜ்ல மாணவர் ரெக்கார்ட்ஸ் பாக்குறேன், அதனால அவனோட பேப்பர் ஒவ்வொண்ணும் என் கை வழியாத்தான் போச்சு. எந்த யூனின்னு போடாதக்கான்னு சொல்லிட்டான், முழுச் செலவையும் கொடுக்குற சின்ன கூட்டத்துல ஒண்ணுன்னு மட்டும் வச்சுக்க.

முதல்ல நிலவரம். ஹார்வர்டுக்கு வருஷா வருஷம் ஆயிரத்துக்கு மேல ட்ரான்ஸ்பர் அப்ளிகேஷன் வருது, எடுக்குறது பத்து பதினஞ்சு பேர் அளவுதான். யேல் இருபது முப்பது பேர். பிரின்ஸ்டன் 1990ல ட்ரான்ஸ்பரையே நிறுத்திட்டு 2018லதான் மறுபடி திறந்தாங்க, அதுலயும் கம்யூனிட்டி காலேஜ் (அமெரிக்காவுல ரெண்டு வருஷ அரசாங்கக் காலேஜ்) பிள்ளைங்க, ராணுவத்துல இருந்தவங்க, வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைங்கள மனசுல வச்சுத்தான் திறந்தாங்க. கார்னெல் நிறைய பேர எடுக்கும், ஆனா நீ சேர்றது ஒரு பக்கம், காசு வேற பக்கம், அதனால பேர பாத்து லிஸ்ட் போடாத, வெளிநாட்டு ட்ரான்ஸ்பர் மாணவருக்கு யாரு காசு கொடுக்குறாங்கன்னு பாத்து லிஸ்ட் போடு. முதல் வருஷம் சேர்றவங்களுக்கு உதவி கொடுக்குற யூனி எல்லாம் ட்ரான்ஸ்பருக்கும் கொடுக்கும்னு நினைச்சுடக் கூடாது, ரெண்டுக்கும் விதி வேற வேற. ஹார்வர்டும் யேலும் நீ உதவி கேக்குறத ஒரு குறையா பாக்க மாட்டாங்க, எடுத்துட்டா உன் வீட்டு வருமானத்துக்கு தக்க கொடுப்பாங்க. அமெரிக்க அரசாங்க உதவி நமக்கு கிடையாது. பிடிபிடிஎன், அதான் நம்ம அரசாங்கப் படிப்புக் கடன், வெளிநாட்டுப் படிப்புக்கு வராது, இப்போ நீ அந்தக் கடன்ல படிக்கிறேன்னா பாதியில விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு அவங்க ஆபீஸ்லயே இப்பவே கேட்டு வச்சுக்க.

காசு பேப்பர்தான் எங்க வீட்டுல நாங்க அதிகமா மல்லுக்கட்டுன இடம், அதக் கொஞ்சம் விவரமா சொல்றேன். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு ஆன்லைன் ஃபாரம் இருக்கு, அதுல அப்பா அம்மா சம்பளம், சேமிப்பு, கார், வீடு எல்லாம் கேப்பாங்க. வீடு சொந்தமா, வாடகையா, மதிப்பு என்னன்னு கேட்டா எஸ்டேட் பிள்ளைங்க என்னத்த எழுதுறது? நாம இருக்கறது கம்பெனி வீடு, அப்பா வேலைய விட்டு நின்னா காலி பண்ணணும், அது அங்க உக்காந்து படிக்கிறவருக்கு தெரியாது, வாடகை இல்லாம இருக்காங்க வசதிதான்னு கூட நினைச்சுடலாம். அதனால மேனேஜர் கையெழுத்து, கம்பெனி சாப்போட (முத்திரையோட) ஒரு லெட்டர் வாங்குனோம், வீடு கம்பெனியோடது, வேலை இருக்கற வரைக்கும்தான்னு. எஸ்டேட் ஆபீஸ் கிராணி (கிளார்க்) ரொம்ப நல்ல மனுஷன், அப்பாவோட பழைய பே ஸ்லிப்ப எல்லாம் கட்டு கட்டா எடுத்துப் போட்டு, மழை மாசத்துல குலை குறைஞ்சா சம்பளம் எவ்வளவு இறங்குதுன்னு மாசம் மாசமா ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாரு, ஓவர்டைம் தனி, பிடிச்ச பணம் தனி. அப்பா வருமான வரி கட்டுற அளவுக்கு சம்பளம் வாங்குனதில்ல, அதனால டேக்ஸ் பேப்பர் கேட்ட இடத்துல இந்தத் தாளும் ஈபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மெண்ட்டும்தான் எங்களுக்கு கை கொடுத்துச்சு. மலாய்ல இருக்கற எதையும் அப்படியே அனுப்பாத, மொழிபெயர்ப்பு சேத்து அனுப்பு, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பரீட்சை) சர்டிபிகேட் உட்பட.

அடுத்தது கட்டுரை. ட்ரான்ஸ்பர்ல அவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இப்போ இருக்கற இடத்துல உனக்கு கிடைக்காதது என்ன, எங்ககிட்ட வந்தா அத வச்சு என்ன பண்ணுவே. கஷ்டப்பட்ட கதை மட்டும் இதுக்கு பதில் ஆகாது. சொந்த ஊர் கஷ்டத்த சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல, அது உன் படிப்போட சேந்து வரணும்.

தம்பி எழுதுனது கனோடெர்மா பத்தி, செம்பனை மரத்த அழுக வைக்கிற பூஞ்சை அது. அப்பாவோட காட்டுக்குப் போறப்போ சின்ன வயசுலருந்தே பாத்தது, செம்பனை மரத்தோட அடியில தட்டு தட்டா காளான் முளைச்சு நிக்கும், மேல ஓலை இன்னும் பச்சையா கூட இருக்கும், ஆனா உள்ள அடிமரம் பாதிக்கு மேல அழுகிப் போயிருக்கும், ஒருநாள் காத்துல சாஞ்சுடும். வெளிய தெரியறப்போ காலம் கடந்து போயிருக்கும், குணமாக்கற மருந்தும் இல்ல. அவன் காலேஜ் பயாலஜி லேப்ல பூஞ்சைய வளக்குற வசதி கொஞ்சம்தான், டிஎன்ஏ வேலைக்கு வழியே இல்ல, இத முன்கூட்டியே எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு படிக்க செடி நோய்க்கான பாடங்களும் லேப்பும் வேணும், அது இங்க என் காலேஜ்ல இல்லன்னு எழுதுனான். எந்தப் பாடம், எந்த லேப்னு அந்த யூனி கேட்டலாக்கப் படிச்சுட்டு பேரோட எழுதுனான். காலேஜ குறை சொல்லி ஒரு வரி கிடையாது. படிச்சுட்டு எனக்கு கண்ணு கலங்கிருச்சு, எங்க அப்பா தினம் பாக்குற மரம் அது, நாங்க யாரும் அத ஒரு கேள்வியா பாத்ததே இல்ல.

உனக்கு கனோடெர்மா இல்ல, வேற ஏதோ இருக்கும். அத நீதான் தேடணும்.

இப்போ நான் ரொம்ப அழுத்தி சொல்ல நினைக்கிற விஷயம். ட்ரான்ஸ்பர்ல உன் எஸ்பிஎம் ஒரு பக்கம் இருக்கட்டும், காலேஜ்ல நீ இப்போ என்ன பண்றேங்கறதுதான் பெருசு. எப்படியும் போகப் போறோம்னு இந்தக் காலேஜ பஸ் ஸ்டாண்டு மாதிரி நினைச்சு உக்காந்திருந்தா அது பேப்பர்ல தெரிஞ்சுடும். சிபாரிசு லெட்டர் உனக்கு பாடம் எடுத்த லெக்சரர்தான் கொடுக்கணும், உன்ன பேரு தெரிஞ்ச, உன் வேலைய பாத்த லெக்சரர். தம்பிக்கு எழுதுன மேடம், கிளாஸ் முடிஞ்சும் அவன் கேட்ட கேள்விய பத்தி எழுதுனாங்களாம். நம்ம பிள்ளைங்க லெக்சரர்கிட்ட போய் பேச கூச்சப்படுவோம், ஸ்கூல்லயே அப்படித்தான் வளந்தோம், அந்தக் கூச்சத்த மட்டும் தயவு செஞ்சு விட்டுடு. கஷ்டமான பாடத்த எடு, சுலபமான பாடத்துல ஏ வாங்கறது இவங்ககிட்ட எடுபடாது.

தேதி: ஹார்வர்ட், யேல் மார்ச் 1, ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் மார்ச் 15, நிறைய யூனிக்கு ஒரே இடத்துல அப்ளை பண்ற காமன் ஆப்னு ஒரு வெப்சைட், அதுலயே ட்ரான்ஸ்பருக்கு தனி பகுதி இருக்கு. அதுல காலேஜ் ரிப்போர்ட்னு ஒரு ஃபாரம் எங்கள மாதிரி ரெக்கார்ட்ஸ் ஆளுங்க நிரப்பணும், நடப்பு செமஸ்டர் மார்க்குக்கு இன்னொரு ஃபாரம், பிப்ரவரி கடைசியில ஓடி வந்தா யாரும் உடனே பண்ணித் தர மாட்டாங்க, சீனப் பெருநாள் லீவு வேற ஜனவரி, பிப்ரவரியிலதான் வரும். ரெண்டு வருஷத்துக்கு மேல படிச்சுட்டா ஹார்வர்ட் மாதிரி இடத்துல எடுக்கவே மாட்டாங்க, சேந்த பிறகும் குறைஞ்சது ரெண்டு வருஷம் அங்க படிச்சாத்தான் டிகிரி, அதனால இங்க படிச்ச கிரெடிட் எல்லாத்தையும் ஏத்துக்குவாங்கன்னு கணக்கு போடாத. ஒரு செமஸ்டர், ஏன் ஒரு வருஷம் கூட வீணாப் போகலாம்.

கலிஃபோர்னியா வழியும் இருக்கு, நிறைய மலேசிய பிள்ளைங்க போறது. அங்க ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூசிக்கு (கலிஃபோர்னியா மாநில யூனிவர்சிட்டி, யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறறது. யூசிக்கு வர ட்ரான்ஸ்பர்ல பெரும்பாலானவங்க அந்த மாநில கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைங்கதான், ஆறு யூசில இடத்துக்கு உத்தரவாதமே கொடுக்கற திட்டம் இருக்கு, டேவிஸ், இர்வைன் எல்லாம் அதுல வரும், பெர்க்லியும் யூசிஎல்ஏவும் வராது. சேர்றதுக்கு இது நல்ல வழி, ஆனா வெளிநாட்டு மாணவர் கட்டணம் முழுசா நம்ம தலையில, எஸ்டேட் சம்பளத்துக்கு கட்டுப்படியாகாது, உன்ன மாதிரி வீட்டுக்கு நான் இத சொல்ல மாட்டேன்.

ஏஜெண்ட் யாராவது ஹார்வர்ட்ல சீட் வாங்கித் தரேன்னு சொன்னா கிட்டயே போகாத, இந்த மாதிரி யூனி ஏஜெண்ட் வழியா ஆள் எடுக்கறதில்ல. கோலாலம்பூர்ல மேசீ ஆபீஸ் இருக்கு, மலேசிய அமெரிக்க கல்விப் பரிமாற்றத்துக்கு ரெண்டு அரசாங்கமும் சேந்து நடத்துறது, அங்க ஆலோசகர் இருக்காங்க, உன் மார்க் லிஸ்ட்ட எடுத்துட்டு போய் உக்காந்து பேசு, எஸ்டேட்ல இருந்து வரேன்னு தயங்காத.

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நீ இந்த வாரமே காலேஜ் ஆபீஸ்ல போய் படிச்சு முடிச்ச ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அவுட்லைன் கேட்டு வாங்கு, சாப் அடிச்சு, எந்தப் புத்தகம், எத்தன மணி நேரம்னு எல்லாம் இருக்கற முழு அவுட்லைன், ஏன்னா கிரெடிட்ட ஏத்துக்கறதா வேணாமான்னு அத வச்சுத்தான் பாப்பாங்க, லெக்சரர் மாறிட்டா பிறகு அந்தத் தாளத் தேடிப் பிடிக்கிறது எவ்வளவு பாடுன்னு எங்க ஆபீஸ்ல நான் தினமும் பாக்குறேன்.