ஸ்ட்ரோப்ல கடல் தண்ணி பூந்துருச்சு, ரிப்பேருக்கு குடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு அண்டர்வாட்டர் ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள போட்டோ எடுக்க கேமராவோட போடுற ஃபிளாஷ்) வாங்குனேன், மூணாவது டைவ்லயே பேட்டரி ரூம்ல கடல் தண்ணி பூந்துருச்சு. பேட்டரிய எடுத்துட்டு அப்படியே வச்சுட்டேன், நாலு நாள் கழிச்சு பாத்தா காண்டாக்ட் எல்லாம் பச்சையா பூத்து கிடக்கு, ஆன் ஆகவே மாட்டேங்குது. ரிப்பேருக்கு புதுசோட விலையில முக்கால்வாசி கேக்குறாங்க. குடுக்கவா, நானே கழட்டி பாக்கவா?

பதில்: முதல்ல ஸ்க்ரூடிரைவர கீழ வைங்க தம்பி. உள்ள ஃபிளாஷுக்கு கரண்ட சேத்து வைக்குற கெபாசிட்டர் 300 வோல்ட் பக்கம் புடிச்சு வச்சிருக்கும், பேட்டரிய எடுத்துட்டா உடனே இறங்கிடாது, தொட்டா தூக்கி அடிக்கும்.

ஆனா நிறைய மாடல்ல பேட்டரி ரூமும் சர்க்யூட்டும் தனித்தனி சீல், அதனால உள்பக்கம் தப்பிச்சிருக்க சான்ஸ் இருக்கு. முன்னாடி கண்ணாடில டார்ச் அடிச்சு பாருங்க, உள்ள பனி மாதிரியோ துளியோ தெரிஞ்சா சர்க்யூட்டுக்கும் தண்ணி போயிருக்கு, அதுக்கு முக்கால் விலை குடுக்குறது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க.

சுத்தமா இருந்தா பேட்டரி ரூம மட்டும் நல்ல தண்ணில அலசிட்டு, இயர்பட்ல வெள்ளை வினிகர் தொட்டு பச்சைய தேயுங்க, கரைஞ்சு வரும். மூடியில இருக்குற காண்டாக்ட பாதி பேர் மறந்துடுறாங்க, அதையும் தேச்சு, வினிகர் மிச்சம் இல்லாம திரும்ப அலசி ரெண்டு நாள் காய விட்டுட்டு புது பேட்டரி போட்டு பாருங்க. நனைஞ்ச பேட்டரிய திரும்ப போடவே கூடாது.

ஃபிளாஷ் அடிச்சா அப்புறம் ஓ-ரிங்க, அதான் மூடியில தண்ணி பூராம தடுக்குற ரப்பர் வளையத்த, மாத்துங்க. எனக்கு ஒருதடவ லீக் ஆனப்போ காரணம் டவல்ல இருந்து ஒட்டுன ஒத்த நூல், அவ்ளோதான்! கிரீஸ அப்பி வச்சா தண்ணி உள்ள வராதுன்னு நெனைக்காதீங்க, ரிங் பளபளன்னு தெரியுற அளவு போதும், ஜாஸ்தியா போட்டா மணல்தான் ஒட்டும். சிலிகான் ரிங்கா இருந்தா சிலிகான் கிரீஸ் அத ஊத வச்சிரும், கம்பெனி சொல்ற கிரீஸ்தான் போடணும்.

இன்னொண்ணு, இனிமே தண்ணி பூந்தா மூடிய மூஞ்சிக்கு நேரா வச்சு திறக்காதீங்க, உப்புத்தண்ணியும் பேட்டரியும் சேந்தா கேஸ் உருவாகி மூடி தெறிக்கும். வேற பக்கமா திருப்பி வச்சு மெதுவா லூஸ் பண்ணுங்க.