அப்பா இறந்த துக்கத்தில் ஆல்பம் போட்டால் சாவை விற்பதாக ஆகுமா?

"அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. பாட்டே இல்லாமல், வெறும் சத்தங்களை வைத்துத் தனி ஆல்பம் செய்ய ஆசை. சாவை விற்கிறான் என்பார்களோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார். நானும் அப்படி ஒரு ஆல்பம் செய்தேன், எனக்குச் சொன்னவர் என் சொந்தப் பெரியப்பா.

நான் காசிமேட்டுக்காரன். லைட் மியூசிக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். அண்ணன் கானாவுக்கு டோலக். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ராத்திரி முழுக்க மரண கானா நடக்கும். இறந்தவர் பேரையும் தொழிலையும் அவர் விட்டுப்போன பிள்ளைகளையும் பாட்டிலேயே கட்டிப் பாடுவார்கள். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் காசு உண்டு. அதை ஒருவரும் சாவை விற்பது என்று சொன்னதில்லை. பெரியப்பாவிடம் இதைத்தான் கேட்டேன், பதில் வரவில்லை.

யார் யார் வீட்டு வாசலிலோ விடிய விடிய வாசித்த அண்ணன் நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனார். அன்று ராத்திரி பாட வந்தவர்கள் என்னையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். கை எழவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் டோலக்கை உறையிலிருந்து எடுத்தேன். தோலை இறுக்கிச் சுருதி சேர்க்கக் கயிற்றில் இருக்கிற வளையங்கள் அவர் கடைசியாக இழுத்துவிட்ட இடத்திலேயே நின்றிருந்தன. ஒன்றை லேசாக நகர்த்திப் பார்த்தேன். அதன் அடியில் மட்டும் கயிறு வெள்ளையாக இருந்தது, மற்ற இடமெல்லாம் அவர் கை அழுக்கு. உடனே பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். இனிமேல் அவற்றைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆனால் நாம் தொடாவிட்டாலும் தோல் அப்படியே இருக்காதே. கடற்காற்றில் ஈரம் ஏற ஏறத் தொய்ந்துகொண்டே போகும். தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு இடது பக்கம் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி, அவ்வளவுதான் பதிவு செய்தேன். முதல் நாள் கேட்டது அண்ணனுடைய சுருதி. பத்தாம் நாள் அரைக்கட்டை இறங்கியிருந்தது. அந்த அரைக்கட்டைக்காக நான் அழுத அழுகை, சவத்தை எடுத்த அன்றுகூட வரவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். ஐஸ் உடைக்கும் மெஷின் இல்லை, ஏலச் சத்தம் இல்லை. கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும்போது நடுவில் தொங்குகிற டயர்கள் நசுங்கி முனகும். அந்த முனகலைத்தான் டோலக்குக்கு அடியில் ஓட விட்டேன்.

ஏன் மூன்று மணி என்றால், மற்ற நேரத்தில் கன்டெய்னர் லாரிச் சத்தம். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் நிற்பதை இங்கே வந்து பார்த்தால்தான் நம்புவீர்கள். அண்ணனை ஏற்றிய ஆம்புலன்ஸும் அந்த வரிசையில்தான் நின்றது. டிரைவர் இறங்கி ஓடி ஒவ்வொரு லாரியாகத் தட்டினார். எத்தனை வருடமாகக் கத்துகிறோம், இந்த ரோட்டுக்கு ஒரு விடிவு வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எழுதாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது.

இது அமெரிக்க இசைக்கலைஞர் வில்லியம் பாசின்ஸ்கி செய்ததன் காப்பி என்று சிலர் வருவீர்கள். 2001-இல் அவர் தன் பழைய டேப்களை டிஜிட்டலுக்கு மாற்றும்போது காந்தப் பூச்சு உதிர்ந்து இசை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது, அந்த அழிவையே அவர் இசையாக வெளியிட்டார். ஆல்பம் முடிந்த பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கு அவரைத் தெரியும். கேட்டேன், பெரிய மனுஷன். ஆனால் என் வீட்டுத் தோல் தொய்வதற்கு அவரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

முப்பத்தேழாம் நாள் அண்ணன் மகன் எனக்குத் தெரியாமல் வளையங்களை எல்லாம் இழுத்துவிட்டான். ஒன்பது வயது. அவனை அடிக்கப் போய்விட்டேன். "அப்பா இப்படித்தான் பண்ணுவாரு சித்தப்பா" என்றான். அன்றைய அடி முதல் நாளைவிட உயர்ந்த சுருதியில் இருக்கிறது. ஆல்பத்தில் அதுவும் உண்டு, வெட்டவில்லை.

கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், காசும் வரவில்லை. அண்ணி ஒரு முறை ஹெட்போனில் முழுதாகக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் திரும்பவும் போடச் சொன்னார்.

நீங்கள் செய்யுங்கள். வெளியிடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்பாவின் சைக்கிளோ, ஃபேனோ, பீரோக் கதவோ, அவர் கை பட்டுச் சத்தம் போட்ட ஏதோ ஒன்று வீட்டில் இருக்கும். அதை இன்றைக்கே பதிவு செய்து வையுங்கள். யாராவது எண்ணெய் போட்டுவிடுவார்கள்.