முயலுக்கும் கினிப் பன்றிக்கும் புல்தான் சோறு

வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எங்கள் முயலுக்கு ஒன்றரை வயது, எடை இரண்டு கிலோ. காலையில் கேரட், மாலையில் பிஸ்கட் அல்லது ரொட்டி, இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை என்று கொடுத்து வருகிறோம். சில வாரங்களாக வாயோரம் எச்சில் ஒழுகித் தாடை ஈரமாகவே இருக்கிறது. கேரட்டை ஆசையாக நெருங்குகிறது. ஆனால் கடித்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. என்ன காரணம்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை கடைவாய்ப் பற்களின் கோளாறுக்கான அறிகுறிகள். தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். முன்பற்களோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் பற்களையும் அதற்குரிய கருவியை வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். முயலின் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். நார் மிகுந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மணிக்கணக்கில் அரைப்பதால்தான் கடைவாய்ப் பற்கள் வளர்கிற அளவுக்குத் தேய்கின்றன. கேரட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் அவ்வளவு அரைக்க வேண்டியதில்லை. தேயாத பற்களின் ஓரம் கூர்முனைகளாக நீண்டு, கீழ்ப்பற்கள் நாக்கையும் மேல்பற்கள் கன்னத்தின் உட்புறத்தையும் கிழிக்கத் தொடங்கும். கடிப்பதற்கென்று கடையில் விற்கும் மரக்கட்டை இதற்குத் தீர்வாகாது. அது முன்பற்களோடு நின்றுவிடும்.

பற்களைவிட எனக்கு அதிகக் கவலை தருவது குடல். முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிரிகள்தான் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அங்கே உருவாகும் மென்மையான, கொத்துக்கொத்தான ஒரு வகைப் புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். அதைக் கண்டு அருவருத்துத் தடுக்கும் வீடுகள் உண்டு. தடுக்கக் கூடாது, அதன் வைட்டமின்களில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் கிடைக்கிறது. ரொட்டி, பிஸ்கட், கொண்டைக்கடலை, சோறு, இட்லி போன்ற மாவுச்சத்து நிறைந்த பண்டங்கள் அந்த நுண்ணுயிரிகளின் சமநிலையைக் குலைத்துக் குடலில் வாயுவை உண்டாக்கும். மென்புழுக்கை பிசுபிசுத்துப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஈக்களை வரவழைக்கும். முயல் விரும்பித் தின்கிறது என்பதால் ஒரு பண்டம் அதற்கு உகந்தது என்று ஆகிவிடாது.

பல் சிகிச்சை முடிந்ததும் பிஸ்கட், ரொட்டி, கொண்டைக்கடலை மூன்றையும் நிறுத்திவிட்டு, ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாக உலர்புல்லுக்கு மாற்றுங்கள். முயலின் உடல் அளவுக்கு ஒரு குவியல் உலர்புல் நாள் முழுவதும் எதிரில் இருக்க வேண்டும். அதற்கு அளவு வைக்காதீர்கள். பெல்லட் எனப்படும் குச்சித் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணை முயலுக்கான தீவனம் விரைவில் எடை ஏற்றுவதற்காகச் செய்யப்படுவது. பல ஆண்டுகள் வாழ வேண்டிய வீட்டு முயலுக்கு அது பொருந்தாது. கேரட் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சிறு வில்லை போதும். கேரட்டின் தழையைத் தூக்கி எறியாமல் கொடுங்கள். கிழங்கைவிட அதுவே நல்லது.

கேள்வி: வெளிநாட்டு திமோதி உலர்புல் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் கொடுக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வைக்கோலில் நார் உண்டு, சத்து மிகக் குறைவு. படுக்கையாகப் பரப்புங்கள், சிறிது கடித்தாலும் பாதகமில்லை, ஆனால் அதுவே உணவாகிவிடக் கூடாது. திமோதி குளிர்நாட்டுப் புல். அது கிடைக்காவிட்டால் முயல் வளர்க்க முடியாது என்ற எண்ணம் சென்னையில் பரவியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் நம் மண்ணின் அறுகம்புல்லே முயலுக்கும் கினிப் பன்றிக்கும் மிக ஏற்ற உணவு. பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக்கட்டாக விற்பதை வாங்கி, நன்றாகக் கழுவி, நீரை வடித்துக் கொடுக்கலாம். புறநகரில் மாடு வளர்ப்பவர்களிடம் கம்பு நேப்பியர் புல்லோ கினியாப் புல்லோ கிடைத்தால், வெயிலில் இரண்டு மூன்று நாட்கள் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, காற்றோட்டமான துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்புல் எளிதில் பூசணம் பிடிக்கும் என்பதால், ஐப்பசி கார்த்திகையில் சிறிது சிறிதாக வாங்குவதே பாதுகாப்பு. பூசண வாடை வந்த புல்லை மறுபடி வெயிலில் வைத்துக் கொடுக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். கொசு மருந்து அடிக்கப்பட்ட தெருவோரப் புல்லும், நாய்கள் நடமாடும் பூங்காப் புல்லும், இயந்திரத்தால் வெட்டிக் குவித்துச் சூடேறிய புல்லும் வேண்டாம்.

குதிரைமசால் (லூசர்ன்) என்னும் தீவனப் பயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அதை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: என் மகளின் கினிப் பன்றியை முயலோடு சேர்த்தே வளர்க்கிறோம். இரண்டுக்கும் ஒரே முயல் தீவனம். இப்போது கினிப் பன்றி பின்னங்கால்களை ஊன்றத் தயங்குகிறது; தூக்கினால் வலியில் கீச்சிடுகிறது.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இது வைட்டமின் சி குறைபாடாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். முயலின் உடல் இந்த வைட்டமினைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கினிப் பன்றியால், மனிதர்களைப் போலவே, முடியாது. உணவில் அது குறைந்தால் மூட்டுகள் வீங்கும், ஈறுகளில் இரத்தம் கசியும், உரோமம் சொரசொரப்பாகும், நடை தளரும். முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை என்பதால் இரண்டுக்கும் ஒரே தீவனம் போடக் கூடாது. கினிப் பன்றித் தீவனத்திலும் நாள் ஆக ஆக அந்த வைட்டமின் அழிந்துபோகும். உற்பத்தித் தேதியைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிறிய பொட்டலமாக வாங்குங்கள்.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருப்பதால், காம்பும் விதையும் நீக்கிய 30 கிராம் துண்டு ஒருநாள் தேவைக்குப் போதும். கொய்யாவில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு உண்டு என்றாலும் சர்க்கரையும் உண்டு. வாரத்தில் ஓரிரு முறை விரல்நுனி அளவு கொடுக்கலாம். வைட்டமின் சொட்டு மருந்தைக் குடிநீரில் கலக்காதீர்கள். வெளிச்சத்திலும் நீரிலும் அது விரைவில் வீரியம் இழக்கும். சுவை மாறிய நீரை விலங்கும் குடிக்காமல் விட்டுவிடும். இவையெல்லாம் நலமாக இருக்கும் விலங்குக்கான அளவுகள். உங்கள் மகளின் கினிப் பன்றிக்கு இப்போது மருத்துவர் நிர்ணயிக்கும் கூடுதல் அளவு தேவைப்படும். ஆகவே குடைமிளகாயை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனிக் கூண்டில் வைப்பதும் நல்லது, முயலின் ஒரு உதை கினிப் பன்றியின் எலும்பை முறித்துவிடும்.

கேள்வி: எந்தக் கீரைகள் நல்லவை?
– வாசகி, தாம்பரம்

பதில்: கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, காலிஃபிளவர் இலை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பாலக், அரைக்கீரை, சிறுகீரை முதலியவற்றில் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகம். வாரம் ஓரிரு முறை போதும். முருங்கைக்கீரையையும் அகத்தியையும் மாட்டுக்குக் கொடுப்பதுபோல் அள்ளிக் கொடுக்கக் கூடாது. அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முயலோ, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அப்படியே உறிஞ்சி, மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுவது. அது அளவு மீறினால் சிறுநீர்ப் பையில் மண்டிபோல் படிந்து கல்லாகலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி, தக்காளி இலை, அவகாடோ, சாக்லேட் ஆகியவை அறவே வேண்டாம்; மாடியில் உலவவிடுபவர்கள் அரளிச் செடியை அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: பல்லாவரம் சந்தையில் வாங்கிய குட்டி முயலுக்குப் பசும்பால் கொடுக்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: வேண்டாம், வயிற்றுப்போக்கில் முடியும். எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்டீர்கள் என்றால், விற்றவர் என்ன கொடுத்தார் என்று கேட்டு அதையே தொடர்ந்து, உலர்புல்லும் தண்ணீரும் எப்போதும் எட்டும்படி வைத்து, புதிய கீரைகளை ஒவ்வொன்றாக மிகச் சிறிய அளவில் பழக்குங்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் எங்கள் முயல் நேற்று இரவிலிருந்து எதுவும் தின்னவில்லை. புழுக்கையும் இல்லை. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: பொறுக்கக் கூடாது. உங்களுக்கு உடனே தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டோம். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். முயலோ கினிப் பன்றியோ 12 மணி நேரம் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடலின் அசைவு நின்றுபோயிருக்கலாம்; அவற்றால் வாந்தி எடுக்கவும் முடியாது. வெயிலும் நீர் குறைவும் இதைத் தூண்டும். வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். வீட்டில் இருக்கிறதே என்று குழந்தைகளின் அமாக்சிசிலின் மருந்தைக் கொடுத்துவிட வேண்டாம். வாய்வழியாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இவ்விரண்டின் குடல் நுண்ணுயிரிகளையும் அழித்து உயிரையே எடுத்துவிடும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, முயல்களைப் பார்த்துப் பழகிய அருகிலுள்ள மருத்துவரிடமோ உடனே செல்லுங்கள். ஈரத்துணி சுற்றிய குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வழியில் கூண்டுக்குள் வைத்திருங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, இரண்டு நாட்களாக அது என்னவெல்லாம் தின்றது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.