எஞ்சின் இருக்கும் இடம், இழுக்கும் சக்கரம்: ஓட்டும்போது வித்தியாசம் தெரியுமா?

கேட்டவரின் கேள்வி இதுதான்: எஞ்சின் முன்னாலோ பின்னாலோ இருப்பதும், முன் சக்கரமோ பின் சக்கரமோ வண்டியை நகர்த்துவதும் ஓட்டுபவருக்கு உண்மையிலேயே தெரியுமா? பழைய வண்டி வாங்கப் போகிற அவர் இதைப் பார்க்க வேண்டுமா?

நான் தண்டையார்பேட்டையில் ஆக்டிங் டிரைவர். காலையில் ஒருவருடைய சின்ன கார், சாயங்காலம் இன்னொருவருடைய இன்னோவா என்று வண்டி மாறிக்கொண்டே இருக்கும். காய்ந்த ரோட்டில் நாற்பதில் உருட்டிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது. ஈரம், ஏற்றம், வளைவு, இந்த மூன்றில் ஒன்று வந்தால் தெரியும். வட சென்னையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

காசிமேட்டில் மீன்பாடி வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னால் இரண்டு சக்கரம், அதன் மேல் பலகை, பலகையில் ஐஸ் போட்ட மீன் கூடைகள். பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவர். வண்டியைத் தள்ளுவது அந்தப் பின் சக்கரம், சுமையோ முழுக்க முன்னால். மீன் தண்ணீர் வழிந்த தரையில் லேசாக மேடு வந்தால் போதும், பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்பக்கம் ஒரு ஆள் கையை ஊன்றி அழுத்தினால் உடனே பிடித்துக்கொண்டு ஏறிவிடும். காரிலும் இதே கதைதான். எந்தச் சக்கரத்தின் மேல் எடை அழுத்துகிறதோ அதற்குத்தான் பிடி.

நம் ஊரில் பெரும்பாலான சின்ன கார்களில் எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன் சக்கரத்தை ஓட்டும் இந்த அமைப்பை 1959இல் வந்த மினி என்ற பிரிட்டிஷ் கார் உலகம் முழுக்கப் பரப்பியது. இங்கே 1983இல் மாருதி 800 கொண்டுவந்தது. அம்பாசடரின் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் காலடியில் ஒரு மேடு ஞாபகம் இருக்கும். பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்டுக்காக விட்ட இடம் அது. முன் சக்கர வண்டிக்கு அந்த ஷாஃப்டே வேண்டாம், அதனால் உள்ளே இடம் கிடைத்தது. எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம் இருப்பதால் மழையில் நன்றாகப் பிடித்து இழுக்கும்.

ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மேடு ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது, முன் சக்கரம் லேசாகிறது. ராயபுரத்தில் ஒரு அபார்ட்மென்டில் பேஸ்மென்ட் சரிவுக்கு வழவழ டைல்ஸ் போட்டிருக்கிறார்கள் (எந்தப் புண்ணியவான் யோசனையோ). மழை நாளில் பாதி ஏறியதும் முன் சக்கரம் கீச்சென்று சுற்ற ஆரம்பித்தது. “இன்னாப்பா, டயர் மொட்டையா?” என்றார் வண்டிக்காரர். “டயர் நல்லாத்தான் இருக்கு சார், திருப்பிக்கினு ரிவர்ஸ்ல ஏத்திடலாம்” என்றேன். ரிவர்ஸில் ஏறினால் இழுக்கும் சக்கரங்கள் சரிவின் கீழ்ப்பக்கம் வந்துவிடும், எடை அவற்றின் மேலேயே விழும். சுற்றாமல் ஏறியது.

வளைவு வேறு கணக்கு. ஒரு டயருக்கு இவ்வளவுதான் பிடி என்று ஒரு அளவு உண்டு. அதில் பாதியை இழுப்பதற்குச் செலவழித்தால் திரும்புவதற்கு அவ்வளவு மிச்சம் இருக்காது. முன் சக்கர வண்டியில் இரண்டு வேலையையும் ஒரே ஜோடி டயர் செய்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடல்பக்கம் மணல் ஏறிக் கிடக்கும் வளைவில் வேகமாக நுழைந்து, ஆக்சிலேட்டரையும் அழுத்தினால் ஸ்டியரிங் திரும்பும், வண்டி திரும்பாது. எதிரே கன்டெய்னர் லாரி வேறு. பதறிப்போய் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பதுதான் எல்லாரும் செய்வது, அதனால் பலனில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் எடை முன்னால் வந்து டயர் மறுபடி பிடிக்கும்.

பின் சக்கர வண்டியில் வேலை பிரிந்துவிடுகிறது: முன்னால் இருப்பது திரும்பும், பின்னால் இருப்பது தள்ளும். ஆள் ஏற்றிய இன்னோவா கிரிஸ்டா மேம்பாலம் ஏறும்போது ஒரு சுகம் இருக்கும், எடை சாயச் சாயப் பின் சக்கரம் இன்னும் அழுத்திப் பிடிக்கும். (2022இல் வந்த இன்னோவா ஹைகிராஸ் முன் சக்கர வண்டி, பெயரை வைத்துக் குழம்ப வேண்டாம்.) காலி பிக்கப்போ காலி ஆம்னியோ அப்படியில்லை. பின்னால் எடை இல்லை, ஈர ரோட்டில் திருப்பத்தில் மிதித்தால் வால் அடிக்கும். அப்போது பிரேக்கைத் தொடாமல், காலைத் தளர்த்தி, வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். சொல்வது எளிது, கைக்கு வர நாளாகும்.

எஞ்சினையே பின்னால் வைத்தால்? 2009இல் வந்த நேனோ அப்படித்தான், 624 சிசி எஞ்சின் பின் சீட்டுக்குப் பின்னால். முன்பக்கம் எடை இல்லாததால் பவர் ஸ்டியரிங் இல்லாமலேயே பஞ்சாகத் திரும்பும், மண்ணடிச் சந்துகளுக்கு அருமையான வண்டி. அதன் டயர்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: முன்னால் 135 மி.மீ. அகலம், பின்னால் 155. கனமான பின்பக்கம் வளைவில் வெளியே வீசப் பார்க்கும், நடுவளைவில் சட்டென்று காலை எடுத்தால் இன்னும் மோசம். அதனால் பின்னால் பிடியைக் கூட்டி, முன்னால் குறைத்து, சறுக்கினாலும் முன்பக்கமே முதலில் சறுக்கும்படி செய்துவிட்டார்கள். இதே போல எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷே 911இலும் பின் டயர் அகலம்தான்.

நடுவில் எஞ்சின் வைப்பது ரேஸ்காரர்கள் சமாச்சாரம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்புவதற்கும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம். எடை நடுவில் இருந்தால் வண்டி சட்டென்று திரும்பும். 1959இல் ஆஸ்திரேலிய ரேஸ் டிரைவர் ஜாக் பிராபம், டிரைவருக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் எஞ்சின் வைத்த கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார். கொஞ்ச வருடத்தில் எல்லாரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். நம் சோழவரத்து பழைய ஏர்ஸ்ட்ரிப்பில் ரேஸ் பார்த்த பெரியவர்கள் யாராவது கிடைத்தால் இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, வாங்கும் விஷயம். வீட்டு உபயோகம், மழை, டிராஃபிக் என்றால் முன் சக்கர வண்டியையே எடுங்கள். தவறு செய்தாலும் முன்னால்தான் சறுக்கும், சமாளிப்பது சுலபம். தினமும் சுமை ஏற்றுவதாக இருந்தால் பின் சக்கரம். ஈஎஸ்பி (வண்டி சறுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) இருக்கும் மாடல் பட்ஜெட்டில் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று. இரண்டு டயர் மட்டும் புதிதாக மாற்றும்போது, இழுப்பது முன் சக்கரம்தானே என்று கடையில் முன்னால் போடத்தான் பார்ப்பார்கள். ஒரே அளவு டயர் போட்ட வண்டி என்றால், முன் சக்கர வண்டியாகவே இருந்தாலும் புதுசைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயரை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். மழையில் முன் டயர் நழுவினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். தேய்ந்த டயர் பின்னால் நழுவினால் உங்களுக்குத் தெரியும்போது வண்டி பாதி திரும்பியிருக்கும்.