வில்லிவாக்கத்தில் ஒரு மனை

அன்புள்ள அம்மா,

அண்ணா நகரில் அறை எடுத்துக் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். சென்ற முறை முதல்நிலைத் தேர்விலேயே தவறிவிட்டேன். படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) அமெரிக்காவுக்கு 16 சதவீதத்துக்கு மேல் வாக்கு; இந்தியாவுக்கு 3 சதவீதம்கூட இல்லை. நிதியத்தின் தலைமை ஐரோப்பியருக்கு, உலக வங்கியின் தலைமை அமெரிக்கருக்கு என்பது எழுதாத விதி. இவற்றை மாற்றினால் ஏழை நாடுகளுக்கு விடிவு வருமா? அல்லது இவை தரும் கடன்களே சதி, தொடவே கூடாது என்பதுதான் சரியா?

ச., திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

தேர்வில் தவறியதை இவ்வளவு கூசிக்கொண்டு எழுத வேண்டியதில்லை. மறுபடி எழுதுங்கள். ஆனால் ‘சதி’ என்று மட்டும் என்னிடம் எழுதாதீர்கள். 1944-ல் நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்க அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடியபோது அடிமை இந்தியாவும் குழு அனுப்பியது. அதில் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் இருந்தார். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர். பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியும் நிதியத்தின் நோக்கங்களில் இடம்பெற வேண்டும் என்று அந்தக் குழு வாதாடியது. கேட்டபடி கிடைக்கவில்லை. ஆனாலும் அந்நியர் ஆட்சியில் இருந்துகொண்டே கேட்டார்கள். சதி என்று சொல்லிவிட்டால் கேட்கிற சிரமம்கூட நமக்கு இல்லை.

வாக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் தேவை என்பதால் அமெரிக்கா தனியாகவே தடுத்துவிடலாம். 2010-ல் ஒப்புக்கொண்ட வாக்குப் பங்கீட்டுச் சீர்திருத்தம் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸில் கிடந்து 2016-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இது மாற வேண்டும். அதில் நமக்குள் சண்டை இல்லை.

நீங்கள் படிக்கிற இடத்திலிருந்து வில்லிவாக்கம் கூப்பிடு தூரம். போயிருக்கிறீர்களா? 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். ஏழைகளுக்கு முழு வீடு தரவில்லை. சிறிய மனை, கழிப்பறை, தண்ணீர், தெரு. வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தவணை முடிந்தால் மனை சொந்தம்.

என் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு மனை கிடைத்தது. பெரியப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். முதலில் கீற்றுக் கொட்டகைதான். தவணை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, நடுவே அந்துருண்டை போட்டு, பிஸ்கட் டின்னில் வைத்திருப்பாள் பெரியம்மா. மழை வலுத்தால் அந்த டின்தான் முதலில் பரணுக்கு ஏறும். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. மூத்தவன் வேலைக்குப் போனதும் தளம் போட்டார்கள். அப்புறம் மாடி. மாடி வாடகையில்தான் கடைக்குட்டி நர்சிங் படித்தாள்.

இதெல்லாம் முடிவதற்கு வெகுகாலம் முன்பே உலக வங்கி அந்தத் திட்டத்தின் கணக்கை மூடிவிட்டது. பார்வையிட வந்தவர்களின் கண்ணில் காலி மனைகளும் அரைகுறைச் சுவர்களும்தான் பட்டன. தொண்ணூறுகளுக்குள் இந்த வகைத் திட்டங்களையே கைவிட்டார்கள். சென்னை, மும்பைக் குடியிருப்புகளை இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்து 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தோல்வி என்று கருதியது உண்மையில் வெற்றி என்றது. நடுவில் எத்தனை ஊர்களில் எத்தனை பெண்களுக்கு அந்த மனை கிடைக்காமலே போனது! என் கோபமெல்லாம் இங்கேதான் தம்பி.

நிதியமும் இதே அவசரக்காரன்தான். மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு நாட்டை நிமிர்த்திவிடலாம் என்று எண்ணுகிறது. 2023 மார்ச்சில் இலங்கைக்குக் கொடுத்தது பதினேழாவது கடன் ஏற்பாடு. பதினாறு முறை திருத்திய நாடு 2022-ல் ஏன் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது? அதிகமாகக் கடன்பட்டு, நெடுநாள் மீள முடியாத நாட்டிடம் மேல்கட்டணம் வேறு வாங்குகிறார்கள். 2024-ல் அதைக் குறைத்தார்களே தவிர ஒழிக்கவில்லை. திணறுகிறவனிடம் கூடுதலாகப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? கடன் கொடுத்தவன் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டு, அதன்படி அடுத்த கடனின் நிபந்தனையை எழுத வேண்டும். வாக்குகளைக் கூட்டிக் கேட்பதானால் முதலில் இதைக் கேளுங்கள்.

தலைமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 முதல் உலக வங்கியின் தலைவராக இருக்கும் அஜய் பங்கா புனேயில் பிறந்தவர், முன்மொழிந்தது அமெரிக்கா. பிறந்த ஊரைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லாவிட்டால் வில்லிவாக்கத்துக்குப் போய் நாலு வீட்டில் விசாரியுங்கள்: கொட்டகை போட்டது எந்த ஆண்டு, தளம் போட்டது எந்த ஆண்டு, பத்திரம் கைக்கு வந்தது எப்போது என்று. கேட்டதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.