ஸ்க்ரூ இறுகாமல் சுற்றுகிறதா? துளைக்குள் புது மரம் வையுங்கள்

கேள்வி: மர அலமாரியில் மேல் கீலின் ஸ்க்ரூ இறுகாமல் சும்மா சுற்றுகிறது. கதவு தொங்கிவிட்டது. இன்னும் தடிமனான ஸ்க்ரூ போடலாமா?

பதில்: வேண்டாம். தடித்த ஸ்க்ரூவின் தலை கீலின் குழியில் உட்காராமல் துருத்தி நிற்கும், கதவு முழுசாக மூடாது. பலகை மெலிசென்றால் பிளந்தும் போகும். அதே தடிமனில் நீளம் கூடிய ஸ்க்ரூ போடலாம். ஆனால் துளைக்குப் பின்னால் கெட்டி மரம் இருக்க வேண்டும்.

அப்படி இல்லையென்றால் துளைக்குள் புது மரம்தான் வைக்க வேண்டும். ஸ்க்ரூவின் மரையைப் பிடித்துக்கொள்வது மரத்தின் நார்கள். அவை அறுந்து தூளாகிவிட்டதால்தான் இப்போது வழுக்குகிறது. மரப் புட்டி பூசி அடைத்தால் துளை கண்ணுக்கு மறையுமே தவிர, பாரம் தாங்காது.

கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கீலைக் கழற்றுங்கள். துளையிலுள்ள தூளைச் சுரண்டி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை ஒட்டாது, அதையும் துடைத்துவிடுங்கள். பல்குத்தும் மரக்குச்சிகளை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் தோய்த்து, இனி ஒன்றுகூட நுழையாது என்கிற அளவுக்கு நெருக்கித் தட்டி இறக்குங்கள். மருந்துத் தலையை ஒடித்துவிட்டால் தீக்குச்சியும் ஆகும். வெளியே நீட்டியிருப்பதை உளியால் சீவிவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். ஈரப் பசையில் ஸ்க்ரூவை முறுக்கினால் குச்சிகள் நகர்ந்து, பட்ட பாடெல்லாம் வீண்.

கதவு கனமாக இருந்தாலோ துளை ரொம்பவே அகன்றிருந்தாலோ, நான் குச்சியை நம்ப மாட்டேன். 8 அல்லது 10 மி.மீ. டிரில் பிட்டால் துளையைச் சீராக்கி, அதே அளவு மர டவலை (dowel, உருண்டை மரக்கட்டை) பசையோடு அடித்து இறக்குவதுதான் உறுதி. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அலமாரியா? அதற்கும் டவல்தான், பலகை உதிர்ந்திருந்தால் வெள்ளைப் பசைக்குப் பதில் எப்பாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை).

காய்ந்த பிறகு நேரடியாக ஸ்க்ரூவை ஏற்றாதீர்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் சுமார் 2.5 மி.மீ. துளை போடுங்கள், கடின மரமானால் 3 மி.மீ. கடைசிச் சுற்றுகளுக்கு டிரில் வேண்டாம், கையாலேயே இறுக்குங்கள். தலை கீலில் அழுந்தியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு திருகு திருகினால் புது நாரும் அறுந்துவிடும்.

பின்னால் எப்போதாவது கழற்றி மாட்ட நேர்ந்தால், ஸ்க்ரூவை வைத்து முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பழைய மரையில் அது லேசாக இறங்கி விழுவது விரலுக்கே தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் இறுக்கினால் பழைய தடத்திலேயே போகும், புதிதாக மரத்தை அறுக்காது.